அஞ்சாம் நம்பர் செம்பு

எட்டாம் வகுப்பில், கரைசலின் செறிவு பற்றி நான் வீட்டில் செய்து பார்த்த சோதனைக்கு எங்கள் அறிவியல் டீச்சர் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டார். இன்றைக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சம்பளம் வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது தாராளமான மதிப்பெண்தான். நானாக இருந்தால் மூன்றோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதே சோதனைக்கு முழு மதிப்பெண் போட்டவரும் ஒருவர் இருந்தார். அவருக்கும் அறிவியலுக்கும் அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது.

டீச்சர் காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அன்றைக்கு ஒரு கட்டு பிளாஸ்டிக் டம்ளரோடு வந்தார். கல்யாணப் பந்தியில் தண்ணீர் வைப்பார்களே, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டம்ளர், அதுதான். மேசை மேல் வரிசையாக வைத்து, முதல் டம்ளரில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கொஞ்சம் போட்டுக் கலக்கினார். கிணற்றுக்குப் போடுகிற ஊதா மருந்து. தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆனது. அதில் ஒரு கரண்டி எடுத்து இரண்டாவது டம்ளரில் விட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்பினார். இரண்டாவதிலிருந்து ஒரு கரண்டி மூன்றாவதுக்கு. போகப் போக ஊதா ரோஸாகி, ரோஸும் வெளிறி, கடைசி டம்ளரில் ஒன்றையும் காணோம்.

"இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"தண்ணி டீச்சர்" என்றது மொத்த வகுப்பும்.

"பாத்தா தண்ணி. அப்ப நான் போட்ட மருந்து எங்க போச்சு? அது இதுலயும் இருக்கு. கண்ணுக்குத் தெரியலைங்கிறதுக்காக இல்லைன்னு ஆயிருமா?"

எனக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வாரம் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. அம்மா கொடுத்த டீயைப் பார்த்து, இது நீர்த்த கரைசல் என்றேன். "நீத்துப்போனதுன்னா குடிக்காத, கீழ வையி" என்றாள் அம்மா. அப்பாவின் குழம்பில் கரைபொருள் எது, கரைப்பான் எது என்று விளக்கப் போய், சாப்பிடுகிற இடத்தில் பேசக்கூடாது என்று பேச்சு வாங்கினேன். கேட்டுக்கொண்டது அக்கா ஒருத்திதான். அப்போதெல்லாம் அக்கா எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அக்கா காரைக்குடியில் கல்லூரிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். அவளுக்கு மாமா மகன் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. அந்த மச்சான் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். தகர டப்பாவில் சாக்லேட் கொண்டுவருவார் என்பதால் அந்தச் சம்பந்தத்தில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு அவர் வருகிறார், திருவிழா முடிந்த கையோடு பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம் அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவும் அக்காவும். "இந்தப் பேச்சு இன்னியோட சரி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது" என்று அம்மா சொன்னது கேட்டது. வெளியே வந்த அம்மாவின் கையில் அக்காவின் செல்போன் இருந்தது. அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். அக்கா புதுப் போன் கேட்டிருக்கிறாள், பழையதும் போய்விட்டது என்று நான் புரிந்துகொண்டேன். அதற்கு ஏன் கண் அப்படிச் சிவக்க வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து காலையில் காரைக்குடிக்கு இரண்டு பஸ். முதல் பஸ் காரைக்குடி தாண்டிப் புதுவயல் வரை போகும். அரிசி மில் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் அதில்தான் ஏறுவார்கள், நிற்க இடம் இருக்காது. அடுத்தது காலியாக வரும், கல்லூரிக்கும் அதுவே போதும். அக்கா மூன்று வருஷமும் முதல் பஸ்ஸில்தான் போனாள். பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை என்று அம்மா பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த பஸ்ஸில் போகிறவர்களில் ஒருவர் மைக்செட் அண்ணன். புதுவயலில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியன். திருவிழா என்றால் லீவு போட்டுவிட்டு வந்து, குழாய் ஸ்பீக்கரும் டியூப்லைட்டும் கட்டுவார். அதிகம் பேச மாட்டார். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் விரலை விடாதே என்பதைத் தவிர என்னிடம் அவர் பேசியதில்லை. அவருடைய வீடு ஊரணிக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்தார் போவார்கள், மணமக்களை ஆசீர்வாதம் செய்வார்கள், பந்தியில் உட்கார மாட்டார்கள். அவர்கள் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் செம்பைக் கையில் கொடுக்க மாட்டோம். அவர்கள் கையைக் குவிக்க வேண்டும், நாங்கள் மேலேயிருந்து ஊற்றுவோம். இதில் யாரும் யார்மீதும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ரொம்ப நாளாக ஓடுகிற மோட்டார் போல அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் இருக்கிற நிறமுள்ள ஏதாவது ஒரு பொருளை வைத்து இதே சோதனையைச் செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். பங்குனிப் பொங்கலின் கடைசி நாள் எங்கள் ஊரில் மஞ்சத்தண்ணி. பெண்கள் தங்கள் முறைப் பையன்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நாள். அத்தை மகன், மாமா மகன் மேல்தான் ஊற்றலாம். அண்ணன் தம்பி முறைக்கு ஊற்றினால் கேலி, முறையே இல்லாதவர்மேல் ஊற்றினால் அது கேலியோடு நிற்காது. ஆண்கள் அன்றைக்கென்றே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஓடி ஒளிகிற பாவனையில் எங்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்பார்கள். எந்தச் செறிவு வரைக்கும் துணியில் கறை தெரிகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட வசதியான ஏற்பாடு எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. வெள்ளைத் துணியை நாம் தேட வேண்டியதில்லை, அதுவே தேடி வரும்.

காலையில் கொல்லையில் உட்கார்ந்தேன். ஒரே அளவில் ஐந்து பாத்திரம் வேண்டும் என்றபோது, அக்காவே பரணில் ஏறி, தன் சீருக்காக வாங்கி வைத்திருந்த புது எவர்சில்வர் செம்புகளில் ஐந்தை எடுத்துக் கொடுத்தாள். "அம்மா வைவாக" என்றேன். "எனக்கு வாங்குனதுதான? வஞ்சா என்னைய வையட்டும்" என்றாள். அவளுடைய நகச்சாயத்தாலேயே ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டேன். ஒன்றாம் நம்பரில் கை நிறைய மஞ்சள் தூளை அள்ளிப் போட்டேன், கூழ் மாதிரி வந்தது. பிறகு டீச்சர் செய்தபடியே ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக நகர்த்திக்கொண்டு போனேன். நான்காம் நம்பரில் எலுமிச்சைச் சாறு கலந்த அளவுக்கு நிறம் இருந்தது. ஐந்தாம் நம்பர் பார்வைக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

அக்கா என் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து ஐந்தாம் நம்பருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல மஞ்சள் இருக்கா?"

"இருக்குக்கா."

"தெரியலையே."

"தெரியாது. ஆனா இருக்கு. டீச்சர் சொன்னாக."

"நெசமா இருக்கா? சும்மா சொல்லாத."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. முதல் செம்பிலிருந்து ஆரம்பித்து, எது எதிலிருந்து எதற்குப் போனது என்று மறுபடியும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப யாரு பாத்தாலும் தண்ணின்னுதான் சொல்லுவாக. ஆனா மஞ்சத்தண்ணி. அப்படித்தான?" என்றாள். அப்படித்தான் என்றேன். குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போதும் இன்னொரு தரம் அதையே கேட்டாள். குடும்பத்தில் ஒருத்தருக்காவது விஞ்ஞானத்தில் ஈடுபாடு வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

என் திட்டம் எளிமையானது. ஒன்றாம் நம்பர் அக்காவுக்கு, சிங்கப்பூர் மச்சானுக்காக. இரண்டு, மூன்று, நான்கு எனக்கு, என் வயசு மச்சான்களுக்காக. ஐந்தாம் நம்பரை யார்மீதும் ஊற்றக்கூடாது. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அது அப்படியே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாசல்படி ஓரமாக வரிசையாக வைத்தேன்.

மாமா வீட்டார் மத்தியானம் காரில் வந்து இறங்கினார்கள். மச்சான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். காரை விட்டு இறங்கி ஓர் அடி வைப்பதற்குள் அக்கா ஒன்றாம் நம்பரைத் தூக்கி அவர் தலையில் மொத்தமாகக் கவிழ்த்தாள். குறும்பாக ஊற்றவில்லை, ஒரு வேலையை முடிக்கிற மாதிரி ஊற்றினாள். மூக்கு, காது, சட்டைப் பையில் இருந்த கண்ணாடி எல்லாம் மஞ்சள். மச்சான் கண்ணைத் திறக்க முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏ ஆத்தி, எம் மருமகளுக்கு இம்புட்டு ஆசையா இருந்திருக்கே. என்னமோ பிள்ளைக்கு இஷ்டமில்லன்னு சொன்னீக" என்றாள் அம்மாவிடம்.

"நான் எங்க சொன்னேன்" என்றாள் அம்மா அவசரமாக. அவள் முகத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. அங்கேயே வைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மாமா சொல்ல, அப்பா சரி என்றார். அக்காவை யாரும் கேட்கவில்லை. சட்டை முழுக்கப் பதில் இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது.

இதெல்லாம் நடந்தபோது மைக்செட் அண்ணன் எங்கள் வீட்டு முன்னால் ஏணியில் நின்று டியூப்லைட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசி நாள் என்பதால் அவரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் எங்கள் தெருவில் அவர்மேல் தண்ணீர் ஊற்றுகிற முறையில் யாரும் இல்லை என்பதால் சட்டை சுத்தமாக இருந்தது. கடைசி விளக்கையும் இறக்கி வைத்துவிட்டு, தெருவில் நின்றபடி, கையும் முகமும் கழுவக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். அம்மா உள்ளே மச்சானுக்குத் துண்டு தேடிக்கொண்டிருந்தாள். "யாராச்சும் அந்தத் தம்பிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அக்கா படியில் இருந்த ஐந்தாம் நம்பரை எடுத்தாள். குனிந்து, செம்பை மெதுவாக ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அதை ஏன் செய்தாள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அண்ணன் குனிந்து இரண்டு கைகளையும் குவித்தார். முதலில் கையில்தான் ஊற்றினாள். பிறகு செம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது, தண்ணீர் அவர் கையை விட்டு முழங்கைக்குப் போய், தோளுக்குப் போய், கடைசியில் சட்டையெல்லாம் நனைந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். செம்பில் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் அக்கா நிறுத்தவில்லை.

"என்னடி பராக்குப் பாத்துக்கிட்டு ஊத்துற. அந்தத் தம்பி நனைஞ்சுபோச்சு பாரு" என்றாள் வாசலுக்கு வந்த அம்மா.

"கை தவறிருச்சு" என்றாள் அக்கா.

"நல்ல வேளை, வெறுந்தண்ணி" என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து பட்ட பாடு. "அது வெறுந்தண்ணி இல்ல. அது என் அஞ்சாம் நம்பர்" என்று கத்தினேன். அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஆனால் அஞ்சாம் நம்பர் என்றால் என்ன என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. "போச்சுன்னா குழாயில இன்னொரு செம்பு புடிச்சுக்க, அதுக்கு ஏன் கத்துற" என்றாள் அம்மா. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. குழாயில் பிடிக்கிற தண்ணீருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளும் நிலையில் என் குடும்பம் இல்லை.

இரண்டு, மூன்று, நான்கை ஊற்றி முடித்துவிட்டு, கறைகளைப் பார்வையிட ஊரணிக் கரைக்குப் போனேன். மஞ்சத்தண்ணி முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் அங்கேதான் குளிப்பார்கள். மூன்றாம் நம்பர் பட்ட சட்டையில் கறை நன்றாகத் தெரிந்தது. நான்கில் உற்றுப் பார்த்தால் தெரிந்தது. அந்தப் பக்கத்துப் படித்துறையில் மைக்செட் அண்ணன் பனியனோடு உட்கார்ந்து சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து ஒட்டின கிரீஸ் போகவில்லை போலிருக்கிறது. நான் சுற்றிக்கொண்டு போய் அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

சட்டையின் தோள்பக்கம், சோப்பு நுரைக்கு நடுவில், கடுகைவிடச் சிறியதாகச் சிவப்புப் புள்ளிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பத்துப் புள்ளி இருக்கும். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சொரண்டாதீக. அது மஞ்சள். சோப்புப் பட்டா செவப்பாயிரும்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "மஞ்சளா? எம் மேல யாரும் மஞ்சத்தண்ணி ஊத்தலையே."

"ஊத்துச்சே எங்க அக்கா."

"அது தண்ணி, பாப்பா."

"பாக்கத்தான் தண்ணி. அது அஞ்சாம் நம்பர். மஞ்சள் போட்டுத்தான் கலக்குனது. அக்காவுக்குத் தெரியும். இதுல மஞ்சள் இருக்கா, நெசமா இருக்கான்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அவர் கையில் இருந்த சோப்பைப் படியில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றது, எடுக்கவில்லை.

"அதுவா கேட்டுச்சா?" என்றார்.

"ஆமா."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல சட்டை பாழாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன். "கவலப்படாதீக. நல்லா அலசுனீகன்னா செவப்பு போயி மறுபடி மஞ்சளாயிரும். அப்பறம் வெயில்ல காயப் போட்டா அதுவும் இருக்காது. மஞ்சக்கறைக்கு வெயில் ஆகாது."

"வெயில்ல போட்டா போயிருமா?"

"சுத்தமா போயிரும்."

அவர் சட்டையை அலசவில்லை. பிழியவும் இல்லை. புள்ளிகள் இருந்த பக்கம் உள்ளே போகிற மாதிரி மெதுவாக மடித்து, துண்டுக்குள் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். பனியனோடு கரையேறி, வேப்பமர நிழல் ஓரமாகவே வீட்டைப் பார்த்து நடந்தார். "அண்ணே, அங்குட்டுப் போகாதீக, வெயில் இங்குட்டுத்தான் அடிக்குது" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சோப்பு வேறு கிடந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் விளங்கிக்கொள்ளாதவர் எப்படி மில்லில் கரண்ட் வேலை பார்க்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருவிழா முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் விளக்கினார். மஞ்சள் தண்ணீரில் கரையாது, துகளாகத்தான் மிதக்கும், விட்டால் அடியில் போய்த் தங்கிவிடும். அதற்குப் பெயர் கரைசலே இல்லை, தொங்கல். கலக்கிவிட்டு ஊற்றினால் அடியில் கிடந்ததும் சேர்ந்து வரும், அதுதான் புள்ளி. தவறான பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆறு மதிப்பெண் போனது. அதற்குள் எங்கள் வீட்டில் தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம், ஆடிக்கு முன்னால் சிங்கப்பூர். மச்சான் நல்ல மனிதர். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்குச் செறிவு பாடம் வந்தபோது, சித்தியிடம் கேளுங்கள் என்று போனை என்னிடம் கொடுத்தாள். அவளே சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு அந்தப் பாடம் இன்றைக்கும் தெரியாது.

மஞ்சத்தண்ணி அன்று சாயங்காலம், ஊரணியிலிருந்து நேரே அக்காவிடம்தான் ஓடினேன். அவள் கொல்லையில் தனியாக, செம்புகளில் இருந்த எண்களை நகச்சாயம் அழிக்கிற மருந்தில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். 

"அக்கா, அஞ்சாம் நம்பர்லயும் இருந்துச்சு. அந்த அண்ணன் சட்டையில பாத்தேன்."

துடைக்கிற கை நின்றது. "தெரிஞ்சுச்சா?"

"சோப்புப் போட்டதும் தெரிஞ்சுச்சு. சின்னச் சின்னதா, செவப்பா."

"அவுக பாத்தாகளா?"

"பாத்தாக. நான்தான் வெளக்கிச் சொன்னேன். வெயில்ல போட்டா போயிரும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்கல. அலசாமக்கூட சுருட்டி எடுத்துக்கிட்டு நெழல்லயே போறாக."

அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் அழுதாள். சத்தமில்லாமல், என் தலைமுடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "நல்லாச் செஞ்சிருக்கடி சோதனை. பத்துக்குப் பத்து" என்றாள்.

ஒரு சோதனை வெற்றியடைந்தால் இவ்வளவு சந்தோஷப்படுகிறவளை அறிவியல் படிக்க வைக்காமல் பி.காம். சேர்த்துவிட்டார்களே என்று எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது.